நார்வேயிலிருந்து நீண்ட கை

“இப்பல்லாம் பச்சத்தண்ணி கேட்டாலே மூஞ்சியச் சுளிக்கானுவ; இவ சும்மா தச்சுத் தருவாளாக்கும்!” என்றார் சவரியான்.

நார்வே டாக்டரம்மா விடுமுறை நாட்களில் காசு வாங்காமல் கைகளை இரவல் தருகிறவர். அங்கே அவர் விரலசைத்தால் இந்த ஆஸ்பத்திரியின் இரும்புக் கைகளும் அசையும். இங்குள்ள டாக்டர்கள் கைவிட்ட அவர் மனைவி செசிலியின் இதயத்தை அவைதான் தைத்தன.

ஒரு வாரத்தில் தையல் பிரித்ததும் செசிலி எழுந்து உட்கார்ந்து, “என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீய?” என்றாள்.

சவரியான் நேரே இரும்புக் கைகள் இருந்த அறைக்குப் போனார். கருவாட்டுப் பொட்டலத்தை இரும்புக் கையில் திணித்தார்.

“அவங்க நார்வேல இருக்காங்க தாத்தா, எப்படித் திம்பாங்க?” என்று நர்ஸ் சிரித்தாள்.

“கையி வாங்கிட்டுல்லா!”

இரும்பு விரல்கள் அவர் கையையும் சேர்த்து மெல்ல அழுத்தின. அவற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“என்னமோ காரியம் இருக்கு. சும்மாவா செய்வா?” என்று முனகியபடியே படியிறங்கினார்.