வெள்ளியங்கிரியின் ஆறு கிரெடிட் நோட்

பில்கள் நாற்பத்தொன்று. கிரெடிட் நோட் எதுவும் இல்லை.

திரையில் அவ்வளவுதான் இருந்தது.

கணக்குப் பார்க்கிறவள் மறுபடியும் எழுதினாள். வெள்ளியங்கிரிக்கு நாம் போட்ட கிரெடிட் நோட் எல்லாவற்றையும் எடு.

கணினியில் இருந்த ஏஐ ஏஜென்ட் ஒரு நொடி யோசித்தது. அதே பதில்.

மேசைக்கு எதிரே வெள்ளியங்கிரி உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனிக்காரர். இந்தச் சாயப்பட்டறையில்தான் துணிக்குச் சாயம் போடுகிறார். பழுதாகி வந்த துணிக்கு ஆறு முறை பில்லில் கழிக்கிறேன் என்றீர்கள், அதற்கு எழுதி வைத்த கிரெடிட் நோட் சீட்டைக் காட்டுங்கள் என்று வந்திருக்கிறார்.

ஆறெல்லாம் இல்லை, இரண்டுதான் என்கிறார் முதலாளி.

இருவருக்கும் நடுவே சீசன் ஆர்டர் தாள் கிடந்தது. வெள்ளியங்கிரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அது கைநழுவினால் அடுத்த மாதம் இரண்டு மெஷின் சும்மா நிற்கும்.

ஏஜென்டை வாங்க வைத்தவள் அவள்தான். வாயைத் திறந்து கேட்டால் போதும், பில்லோ சீட்டோ தானே எடுத்துத் தரும் என்று முதலாளியை ஒரு மாதம் நச்சரித்தாள். பழைய பேரேடு முழுவதையும் போன வாரம்தான் ஏற்றி முடித்தாள். இப்போது மானம் போய்க்கொண்டிருந்தது.

முதலாளி அவளைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பேரேடு எழுதிய சென்னியப்பன் போன வருடமே வேலையை விட்டுவிட்டார். நல்லவேளை, போனை எடுத்தார்.

“மொதலாளி அவர என்னன்னு கூப்புடுவாரு? அந்தப் பேரப் போட்டுப் பாரு சாமி.”

அட.

இந்தப் பட்டறையில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. முதலாளி வைப்பதுதான் பெயர். பில்லில் மட்டும் வரிக்காக முறையான பெயர் இருக்கும். பேரேட்டிலும் சீட்டிலும், ஐயனூர்க்காரர் முட்டைக்கண்ணு. எப்போது கேட்டாலும் நாளை என்கிறவர் நாளைக்கி. முதலாளி சொல்லச் சொல்லச் சென்னியப்பன் எழுதியிருக்கிறார். மனிதர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

அவள் ஓடிவந்து உட்கார்ந்தாள். வெள்ளியங்கிரிக்கு முதலாளி வைத்த பெயரை அடித்தாள்.

அழுமூஞ்சி.

ஒன்று வந்தது. இரண்டு. மூன்று. சீட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. நான்கு. ஐந்து.

ஆறு.

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, எதற்காக என்ற காரணம்கூட இருக்கிறது. ஏஜென்ட் சமர்த்து. தானும் சமர்த்து. இதைவிடச் சந்தோஷமான காலை அவளுக்கு இந்த ஆபீசில் வாய்த்ததில்லை.

“கிடைச்சிருச்சுங்க. ஆறும் இருக்குதுங்க.”

சொன்ன பிறகுதான் பார்த்தாள். ஆறு சீட்டிலும் வாடிக்கையாளர் பெயர் என்ற இடத்தில், கொட்டை எழுத்தில், அழுமூஞ்சி.

திரையைத் திருப்பக் கை போனது. அதற்குள் வெள்ளியங்கிரி எழுந்து அவள் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டார். படித்தார்.

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து இருமினார்.

“பேரு எனக்குத் தெரியும் அம்மிணி. ஊருக்கே தெரியும். காரணத்தப் படிங்க, மொதலாளி கேக்கட்டும்.”

அவள் படித்தாள்.

நீலம் திட்டுத் திட்டாக விழுந்தது.

மெரூன் ஒரு துவையலில் வெளுத்தது.

ஒரே லாட்டில் இரண்டு பச்சை.

குரல் முதலில் தாழ்ந்திருந்தது. போகப் போக அவளுக்கே கோபம் வந்தது. சத்தமாகவே படித்தாள்.

எடை குறைவு.

நான்கு ரோலில் ஓட்டை.

ஆறாவதில் சென்னியப்பன் காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் சொன்னது சரி, தப்பு நம்முடையது என்று மட்டும் இருந்தது.



வெள்ளியங்கிரி ஆர்டர் தாளை எடுத்தார். மடித்துப் பையில் வைக்கப் போகிறார் என்றே அவள் நினைத்தாள். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

முதலாளி எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அவளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். பெயர் இருந்த இடத்தில் அழுமூஞ்சியை அழித்தார்.

ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தார். வெள்ளியங்கிரி. அடித்து முடிக்க ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“இனிஷியல் என்னங்க?”