செலவில்லாத சனிக்கிழமை

“பைசா செலவில்லாம வாராவாரம் குடும்பமா மலைக்கு வந்துடறீங்க. உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு,” என்றாள் மிரான், மூச்சு வாங்கியபடி.

யோன்ஜு சிரிக்க முயன்றாள். கையிலிருந்த நீளக் கம்பால் காய்ந்த இலைகளை ஒதுக்கிக்கொண்டே நடந்தாள். அவளுக்குப் பத்தடி தள்ளி, பதின்மூன்று வயது மகள் தாரே. அதற்கும் பத்தடி தள்ளி, கணவன் கிஹோ. மூன்று பேர் கையிலும் கம்பு இருந்தது.

மிரான் இந்த வசந்தத்தில்தான் மலையடிவாரக் குடியிருப்புக்குக் குடிவந்தவள். குடியிருப்போர் சங்கம் மாதாமாதம் அச்சடிக்கும் நான்கு பக்க இதழுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு அதிகச் செலவில்லாமல் பொழுதைக் கழிப்பது எப்படி என்று எழுதுவதாக ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அவள் வீட்டில் அப்படி எதுவும் நடப்பதில்லை. சனிக்கிழமையானால் கணவர் பேஸ்பால் பார்க்க டிவி முன்னால் படுத்துவிடுவார். மகள் டியூஷனுக்குப் போய்விடுவாள். ஆனால் மூன்றாவது பிளாக்கிலிருந்து ஒரு குடும்பம் சாப்பாட்டுப் பையோடு வாரம் தவறாமல் மலைக்குப் போவதை அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். அவர்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னபோது சங்கத்துச் செயலாளர் அம்மாள் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு, “அவங்களுக்குச் சம்மதம்னா எழுதுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

தானும் கூட வரலாமா என்று காலையில் மிரான் கேட்டதற்கு கிஹோ தயங்கினான். யோன்ஜுதான் வரட்டும் என்றாள்.

வழியெல்லாம் மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. ஊற்றடியில் ஏழெட்டுக் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. இவர்கள் அங்கே நிற்கவில்லை. பாதையை விட்டு விலகி, மேற்குப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அங்கே சில மரங்களில் மஞ்சள் நாடா கட்டியிருந்தது. கிஹோ கட்டியதாம். போன வாரம் எதுவரை வந்தார்கள், இந்த வாரம் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளமாம். ‘புதையல் வேட்டை மாதிரி’ என்று மிரான் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஓரிடத்தில் செஸ்நட் கொட்டைகள் கொட்டிக் கிடந்தன. மிரான் குனிந்து கோட்டுப் பை நிறைய அள்ளிக்கொண்டாள். மற்ற மூன்று பேரும் அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மதியம் ஒரு பாறையில் உட்கார்ந்து, கடற்பாசியில் சோற்றைச் சுருட்டிச் செய்த கிம்பாப் சாப்பிட்டார்கள். சூடான பார்லி தண்ணீரை யோன்ஜு எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கிஹோ மட்டும் நின்றுகொண்டே சாப்பிட்டான். யாரும் சிரிக்கவில்லை, பாடவில்லை. சில குடும்பங்கள் இப்படித்தான் போலிருக்கிறது, ஆனாலும் ஒன்றாக இருக்கிறார்களே என்று மிரான் நினைத்துக்கொண்டாள். கோடையில் வந்தால் குளிரில்லாமல் சுகமாக இருக்குமே என்று கேட்டாள்.

“கோடையில புதர் ஆள் உயரம் வளந்துடும். தரையே தெரியாது,” என்றாள் யோன்ஜு. “இப்பதான் அதெல்லாம் காஞ்சு சாயும். பனி விழறதுக்குள்ள ஒரு ஆறு வாரம் கிடைக்கும். அவ்வளவுதான்.”

பருவம் குறுகியது, தவறவிடாதீர்கள் என்று மிரான் எழுதினாள். பிறகு தாரேயிடம், இங்கே வருவது அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள்.

தாரே அம்மாவை ஒருமுறை பார்த்தாள். “கால் வலிக்கும் ஆன்ட்டி. ஆனா நான் வரலைன்னா ஒரு வரிசை குறைஞ்சிடும்.”

தன் மகள் இப்படி ஒருநாளும் சொன்னதில்லை என்று மிரானுக்குத் தோன்றியது. இதழில் போட ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றாள். கிஹோ தலையசைத்து மறுத்தான்.

“எடுக்கட்டும்ங்க,” என்றாள் யோன்ஜு. “அதைப் பாத்துட்டு இன்னும் நாலு குடும்பம் வந்தா நல்லதுதானே.”

கிஹோ கம்பைப் பாறையில் சாய்த்து வைத்தான். பிறகு வந்து மகளின் தோளில் கை வைத்து நின்றான். மிரான் படம் எடுத்து முடித்ததும், அன்று முதல் முறையாக அவளிடம் ஒன்று கேட்டான்.

“வர்றவங்களை ஊத்தடியிலயே உக்காந்துட வேண்டாம்னு எழுதுங்க. இந்தப் பக்கமும் இறங்கி வரச் சொல்லுங்க. நாங்க மூணே பேர். மலை ரொம்பப் பெரிசு.”

நல்ல இடம் ஒன்று தெரிந்தால் யாருக்கும் சொல்லாமல் பொத்தி வைத்துக்கொள்பவர்களைத்தான் மிரான் இதுவரை பார்த்திருக்கிறாள். அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். கட்டுரை முடிந்த மாதிரிதான். ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

“வர்றவங்க எதைத் தேடணும்னு போடட்டும்? குழந்தைங்களுக்கு அதுதானே சுவாரசியம்.”

தாரே தலையைக் குனிந்துகொண்டாள். கிஹோ கம்பை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினான்.

“நீலக் கலர் மழைக்கோட்டு,” என்றாள் யோன்ஜு. மிரான் அதை எழுதி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். “போலீஸ்காரங்க தேடறதை நிறுத்தி மூணு வருஷமாச்சு. அவங்களுக்கு வலது கால் ஷூ மட்டும்தான் கிடைச்சுது. அப்ப எங்க பையனுக்கு ஆறு வயசு.”