முப்பதாவது கீஷ்

"நிறுத்து கேத்தரின்! வெங்காயத்த இப்படித் தடிதடியா நறுக்கினா அது கீஷ் இல்ல, பஜ்ஜி."

பேட்ரிக் மரக்கரண்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார், மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்துபவரைப் போல.

கேத்தரின் வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கினாள். கேரட், கீரை, குடைமிளகாய் எல்லாம் தயார். தட்டில் மாவை விரித்து, காய்களைப் பரப்பி, முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, மேலே பேக்கன் என்ற உப்புப் பன்றிக்கறித் துண்டுகளைத் தூவி ஓவனில் வைத்தாள்.

ஒவ்வொரு கல்யாண நாளும் காலையில் பசியாற இதே பிரெஞ்சுப் பலகாரம், கீஷ்தான். இன்றைக்கு முப்பதாவது. முந்தைய இருபத்தொன்பதில் ஒன்றைக்கூட அவர் "நல்லா இருக்கு" என்று சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லாவிட்டால் இனி கீஷ் செய்வதே இல்லை என்று, பக்கத்து வீட்டு நூர் பீவியிடம் கேத்தரின் சொல்லி வைத்திருந்தாள்.

"அந்தக் காலத்துல பத்து ஃபெரிங்கி பீச் ஹோட்டல்ல நைட் ஷிப்ட் முடிஞ்சதும் ஸ்டாஃப் கேன்டீன்ல போய் உட்காருவேன்," என்று பேட்ரிக் ஆரம்பித்தார். குரல் இளகிவிட்டது. "ஜன்னல் வழியா கடல் தெரியும். அப்பத்தான் விடியும். சூடா ஒரு துண்டு கீஷ் வரும். அந்த பேக்கன் இருக்கே, மொறுமொறுன்னு... அந்த உப்பு மத்தியானம் வரைக்கும் நாக்குல நிக்கும். பிரெஞ்சு ஷெஃப் கைப்பக்குவம் லா!"

"நீங்க அவரப் பாத்திருக்கீங்களா?"

"ரிசெப்ஷன்ல டை கட்டி நின்னவன் கிச்சனுக்குள்ள எதுக்குப் போறான்?"

பேட்ரிக் பிரான்சைப் பார்த்ததில்லை. அவர் கடல் கடந்து போன தூரம் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், அதுவும் ஃபெர்ரியில். ஆனாலும் ருசி விஷயத்தில் பாரிஸ்காரனுக்கே பாடம் எடுப்பார். கல்யாணமான வாரமே வீட்டில் ஒரு சட்டம் போட்டார்: "இங்க கருவாட்டு வாடை அடிச்சா நான் பாய எடுத்துட்டு வாசல்ல போய்ப் படுத்துக்குவேன். அது தோட்டக் கூலிங்க லயத்துச் சாப்பாடு."

அன்றிலிருந்து கேத்தரினின் கருவாட்டு டின் நூர் பீவி வீட்டில்தான் குடியிருக்கிறது. ஆசை வந்தால் அங்கே போய்ச் சாப்பிட்டு, வாயை மூன்று தடவை கொப்பளித்துவிட்டு வருவாள்.

கீஷ் வெந்தது. பேட்ரிக் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். கேத்தரின் கைத்துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ம்ம்... நல்ல..."

அவள் மூச்சைப் பிடித்தாள்.

"...முயற்சி. ஆனா பேக்கன் சரியில்ல."

"பசார்ல இருந்ததுலயே நல்ல பேக்கன்ங்க இது!"

"அந்த ருசி வேற லா. உனக்குச் சொன்னா புரியாது."

பின்வாசல் கம்பிக் கதவில் நூர் பீவி வந்து நின்றாள், கையில் போனோடு.

"கேத்தரின், அந்த கீஷ் ருசியக் கேக்க நீ தேடச் சொன்ன ஹோட்டல் சமையல் ஆள் கெடச்சாச்சு! வேற யாரும் இல்ல, எங்க பெரியம்மா மகன் சுலைமான் அண்ணன். இப்ப பாலிக் புலாவ்ல இருக்காரு. அந்த ஹோட்டல் கிச்சன்ல இருபது வருஷமாம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க."

பேட்ரிக் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனை வாங்கினார். "அண்ணே, ரிசெப்ஷன் பேட்ரிக் பேசறேன். கேன்டீனுக்கு வந்த கீஷ்ல உங்க பிரெஞ்சு ஷெஃப் என்ன பேக்கன் போட்டாருன்னு என் வீட்டுக்காரிக்கு நீங்களே சொல்லுங்க."

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வெள்ளக்காரரு விருந்தாளிங்களுக்குத்தான் சமைச்சாரு தம்பி. கேன்டீனுக்கு நான்தான். நான் எங்க பேக்கனத் தொட்டேன்? நல்ல கருவாடா பாத்துப் பொடியா நறுக்கி, மொறுமொறுன்னு பொரிச்சு மேல தூவிடுவேன்."

பேட்ரிக் மரக்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நூரக்கா," என்றாள் கேத்தரின், "என் டின்ன எடுத்துட்டு வாங்க. அப்படியே பாய் ஒண்ணு இருந்தா கொண்டாங்க, இவருக்கு வாசல்ல விரிக்கணும்."