யானை குளித்த ஆறு

ஒரு மழலையர் பள்ளியில் குழந்தைகளுக்கு முதன்முதலாக வண்ணம் தீட்டக் கொடுத்த நாள். அச்சடித்த தாளில் ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. துதிக்கையிலிருந்து வால்வரை எங்கும் விட்டுப்போகாத கறுப்புக் கோடு அதன் உடம்பைச் சுற்றி ஓடியது. அந்தக் கோட்டில் அதற்கு அவ்வளவு பெருமை.

நான்கு வயது நஸ்ரின், நீலக் கிரேயானைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யானை அவசரமாகக் கிரேயானைக் கூப்பிட்டது.

"தம்பி நீலம், கோட்டுக்குள்ளேயே இருந்துக்கப்பா. வெளியே போயிட்டா நான் யானைன்னு யாருக்குத் தெரியும்?"

"நான் என்னண்ணே செய்ய? பிடி அவ கையில இருக்கு" என்றது கிரேயான்.

அது வாய் மூடுவதற்குள் நீலம் வயிற்றில் ஏறி, கால்களைத் தாண்டி, வளைந்து வளைந்து தாளின் ஓரம்வரை பரவிவிட்டது. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று யானை கண்ணை மூடிக்கொண்டது.

டீச்சர் குனிந்து பார்த்தார். "யானை எங்கம்மா?"

"குளிக்குது மிஸ். ஆறு ரொம்பப் பெருசு, அதான் தெரியல."

யானை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. காலடியில் சில்லென்றிருந்தது. தூரத்திலிருந்து ஓர் அலை மெதுவாகப் புரண்டு வந்து அதன் தொடையைத் தொட்டது. யானை மெல்ல உட்கார்ந்தது. பிறகு தண்ணீரில் சாய்ந்து படுத்தது. அச்சான நாள் முதல் நின்றே கிடந்த கால்கள் முதன்முறையாக மிதந்தன.

நஸ்ரினின் கை ஓய்ந்தது.

"ஏன் தம்பி நிறுத்திட்டே?" என்றது யானை. "முதுகுப் பக்கம் இன்னும் கொஞ்சம் ஊத்தேன்."