அலமாரிக்குள் பிணம்

"கடைசி அத்தியாயத்தைக் காணோம்! யாரோ கிழிச்சிருக்காங்க!"

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக், நாவலைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

"யாரோ இல்லீங்க. நான்தான் கிழிச்சேன்." ஜன்னலோரம் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? அலமாரிக்குள்ள பிணம் நிக்குது. விருந்துக்கு வந்த மாமியார், கழட்டின கோட்டை மாட்டறேன்னு அலமாரிக் கதவுல கை வச்சிட்டா. இந்த இடத்துலயா கிழிப்பே?"

"இந்த இடத்துலதான் கிழிக்கணும். ஆபரேஷன் முடியட்டும், தர்றேன்."

ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் இறங்கிவிட்டது. உயரமான கட்டிடங்களின் லிஃப்ட் குழிக்குள் கயிற்றைப் பிடித்துத் தொங்கியபடி பாட்டு முணுமுணுக்கிற ஆள்தான். ஆனால் விரலில் ஊசி குத்தினால் போதும், கண் சொருகிவிடும்.

அப்படிப்பட்டவருக்குக் கொலைக் கதை என்றால் உயிர். அவளுக்கும்தான். ஆனால் துப்பாக்கியைச் சுழற்றிக்கொண்டு வரும் சூரர்களை இருவருக்கும் பிடிக்காது. கையாலாகாத ஒருவன் தெரியாத்தனமாகக் கொலையில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும். அதைப் படித்து இவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். அவள் உரக்க வாசிப்பாள். அவர் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார்.

இந்த நாவலின் நாயகன் பல்செட் செய்கிறவன். பல்செட் வாங்க வந்த வாடிக்கையாளர் நாற்காலியில் சாய்ந்தபடியே செத்துக் கிடக்கிறார். யார் கொன்றது என்று தெரியாது. பழி தன் மேல் விழுமோ என்ற பயத்தில் பிணத்தை வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறான். போகிற வழியெல்லாம் பிணத்திடம் மன்னிப்புக் கேட்கிறான். படியில் தலை இடித்தால், "மன்னிச்சிருங்க சார், வலிக்குதா?" என்கிறான்.

"அவன் மாட்டிக்குவானா, மாட்டானா? அதையாவது சொல்லு."

"எனக்கு எப்படித் தெரியும்? நானும் படிக்கலையே."

"பொய் சொல்லாதே."

"சத்தியமா. வேற பக்கம் பார்த்துக்கிட்டே கிழிச்சேன். கைப்பையைக் குடையாதீங்க, அதுல இல்லை. நர்ஸம்மாகிட்ட கொடுத்து வச்சிருக்கேன்."

சரியாக அந்த நேரம் உள்ளே வந்த நர்ஸ் தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "என்ன சார், இப்படி வேர்க்குது? கொஞ்சம் சாய்ஞ்சு உட்காருங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

அவள் பின்னாலேயே டாக்டரும் வந்தார். கட்டிலின் காலடியில் மாட்டியிருந்த அட்டையைப் புரட்டிவிட்டு மெக்கானிக்கின் தோளில் கை வைத்தார். "ஹார்ட் வால்வு மாத்தறது எங்களுக்குத் தினப்படி வேலை. மனசைத் தளர விடாதீங்க."

"ரத்தம் நிறைய போகுமா டாக்டர்?"

"அந்தக் கவலையை எங்ககிட்ட விட்டுடுங்க."

டாக்டரும் நர்ஸும் போய்விட்டார்கள். அவர் கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒருவேளை முடியாமலே போயிட்டா?" என்று மெல்லக் கேட்டார்.

"எது?"

"கதைதான்."

"அப்போ அந்த மாமியார் அலமாரி முன்னாடியே நிக்க வேண்டியதுதான், பாவம். கால் கடுத்துப் போகும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர் வந்தது. கையாலேயே துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பல்செட்காரன்கிட்ட அப்படி என்னதான் இருக்கு? தொடைநடுங்கிப் பய. அவனைப் போய் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்குது?"

"சூரன்னா ஜெயிச்சிடுவான்னு முன்னாடியே தெரியும். எதுக்குப் பக்கத்தைத் திருப்பணும்? இவன் உதறிக்கிட்டே கதவைத் தாண்டிப் போறான் பாருங்க, அப்போ கூடவே போகணும்னு தோணுது." அவர் உள்ளங்கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. "முடிஞ்சதும் எப்பவும் போல நான் வாசிக்கிறேன். சேர்ந்து சிரிக்கலாம். தையல் இருக்கும், அதனால மெதுவாத்தான் சிரிக்கணும்."

"சரி."

"இருங்க, வந்துடறேன்." அவள் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. இரண்டு ஊழியர்கள் தள்ளுவண்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நர்ஸ் விரிப்பைச் சரிசெய்தாள். "நேரமாச்சு, கிளம்பலாமா?"

லிஃப்ட் மெக்கானிக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

குளியலறைக் கதவு திறந்தது. பச்சை அங்கியும் தலையில் துணித் தொப்பியுமாக வெளியே வந்த மனைவி தள்ளுவண்டியில் ஏறிப் படுத்தாள்.

"போய்ட்டு வர்றேங்க. வெளியே பெஞ்சில உட்கார்ந்திருங்க, மயங்கி கியங்கி விழுந்து வைக்காதீங்க, இன்னைக்கு இவங்களுக்கு நான் ஒருத்தியே போதும்."