தணிவான மவுண்ட்

"பதினெட்டாயிரத்து நானூறு ரூவா. உன் மக கல்யாணத்துக்கு நீ வாங்குன கடன், நாலு வருசமாச்சு. ஒரே ஒரு தோட்டா போட்டு விடுலே, அம்புட்டையும் கழிச்சுர்றேன்" என்றார் முத்துப்பாண்டி.

"சுட மாட்டேன் மொதலாளி" என்றார் வீரணன்.

ஓடைப்பட்டியில் முத்துப்பாண்டியின் திராட்சைத் தோட்டத்துக்குப் பதினோரு வருடமாக வீரணன்தான் காவல். பத்து நாளாக, சாயந்தரமானால் மலையிலிருந்து ஒரு காட்டுமாடு கன்றோடு இறங்கித் தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. போகிற போக்கில் நாலு பந்தக்கால் சாய்ந்துவிட்டது.

"கன்னோட தண்ணிக்கு வர்றதைச் சுட்டா வெளங்குவமா? பாரஸ்ட்டுக்காரக வந்தா வெலங்கு என் கைக்குத்தான் ஏறும்."

"அப்ப நானே சுடுறேன். கண்ணுல புரை. எனக்கு மாடு எது, பாறை எதுன்னு தெரியல. அதுக்குத்தான் தூரத்துல உள்ளதைப் பெருசாக் காட்டுற ஸ்கோப் வாங்கி வச்சிருக்கேன். தேனிக்குப் போயி அதைத் துப்பாக்கியில மாட்டிட்டு வா. அதையாச்சும் செய்வியா, இல்ல பணத்தை எண்ணி வச்சுட்டுக் கெளம்புறியா?"

வீரணன் சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்தார்.

"மாட்டிட்டு வந்தாக் கடன் தீந்துருமா?"

"தீந்துரும்."

"எழுதிக் குடுங்க."

முத்துப்பாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எழுதுனா யாருலே வாசிக்கிறது?"

"நான்தான்."

ஐம்பத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் உட்கார்ந்து, போன வருடம்தான் எழுத்துக் கூட்டப் பழகியிருந்தார் வீரணன். 'ஸ்கோப் மாட்டி வந்தால் வீரணன் கடன் ரூ.18,400 தீர்ந்தது' என்ற வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். மடித்து இடுப்பில் செருகினார்.

துப்பாக்கி, பட்டாளத்தில் கழித்துப்போட்டது. முத்துப்பாண்டியின் அப்பா காலத்தில் வீட்டுக்கு வந்தது. லைசென்ஸில் காவலாள் என்று வீரணன் பெயரும் உண்டு. அதை உறையில் போட்டு, ஸ்கோப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

தேனியில் துப்பாக்கிக் கடை பெனடிக்ட் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட் மூன்றை எடுத்து மேசையில் பரப்பினார்.

"இந்தக் கெழட்டுத் துப்பாக்கியில ஸ்கோப் உக்கார எடமே கெடையாது. எதையாச்சும் வச்சுத்தான் நிறுத்தணும். இது உசரமானது, மேல ஓட்டை போடணும். இது சைடுல கவ்விப் பிடிக்கும், ஓட்டையே வேணாம். இதைத்தான் எல்லாரும் வாங்குறாக."

"மூணாவது?"

"அதை விடுங்கண்ணே. ரொம்பத் தணிவு. வேற துப்பாக்கிக்கு உள்ளது, சரக்கோட சேந்து வந்துருச்சு."

"அதையே மாட்டுங்க."

"அதுல ஒரு வில்லங்கம் இருக்குண்ணே."

"தெரியும். பதினோரு வருசமா இதைக் கழட்டித் தொடச்சு எண்ணெய் போடுறவன் நான்."

பெனடிக்ட் ஏற இறங்கப் பார்த்தார். "வெலைக்குப் பாக்குறீகளா? மொதலாளி காசுதான?"

"அவுக காசுதான். தணிவே இருக்கட்டும். ஸ்குரூவுக்குப் பசை போட்டு முறுக்குங்க. லேசுல கழறக் கூடாது."

"நாளைக்கு உங்க மொதலாளி வந்து என் சட்டையப் பிடிப்பாருய்யா!"

"நீங்க சொன்னீக, நான் கேக்கலைன்னு பில்லுல எழுதிருங்க. கையெழுத்துப் போடுறேன்."

பெனடிக்ட் தலையில் அடித்துக்கொண்டு எழுதினார்.

வெயில் தாழும்போது துப்பாக்கி தோட்டத்துக்குத் திரும்பியது. முத்துப்பாண்டி ஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

"அடேயப்பா! தொட்டி மேல உக்காந்திருக்குற காக்கா மூக்குத் தெரியுதுலே!"

பில்லைப் பார்க்காமலே சட்டைப்பையில் திணித்தார். கணக்கு நோட்டை எடுத்து வீரணன் பக்கத்தைக் குறுக்கே அடித்தார்.

"போலே, பொழச்சுப் போ. ரோசக்காரன் கடைசியில வழிக்கு வந்துட்டான் பாரு."

வீரணன் தன் பக்கம் அடிபட்டதை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பந்தலுக்கு அப்பால் காட்டுமாடு இறங்கியது. பின்னாலேயே கன்று. முத்துப்பாண்டி தோட்டா ஒன்றை எடுத்துக்கொண்டு, தோட்டா போடும் வாயைத் திறக்கத் துப்பாக்கியின் பக்கவாட்டில் நீண்டிருந்த போல்ட்டைத் தூக்கினார். அதன் கைப்பிடி பாதியில், தணிவாக உட்கார்ந்திருந்த ஸ்கோப்பில் இடித்து நின்றது. மறுபடி தூக்கினார். உள்ளங்கையால் குத்தினார். அசையவில்லை. மாடு தண்ணீர் குடித்தது. கன்று நிதானமாகக் குடித்தது.

"ஏலே, என்னலே இது! தோட்டா போட முடியல!"

"பில்லை வாசிக்கலையா மொதலாளி?"

முத்துப்பாண்டியின் சட்டைப்பையிலிருந்து தாளை உருவி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார் வீரணன். "'இந்த மவுண்ட் மாட்டினால் போல்ட் திறக்காது. தோட்டா ஏறாது. சொல்லியும் கேட்கவில்லை.' கீழ இருக்குறது நான் போட்டது மொதலாளி. கைநாட்டு இல்ல, கையெழுத்து."