கட்டில் கம்பியில் கறுப்பு நூல்

முதலில் தப்புப் பண்ணியவன் குழந்தைவேல்தான்.

சங்ககிரியில் அவனுடைய மூத்த மகள் கல்யாணம். பங்காளி என்ற உரிமையில் சுப்பையன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். இலையில் தண்ணீர் தெளித்து, ஜாங்கிரியும் வைத்தாகிவிட்டது. கையை நீட்டப் போன நேரத்தில் குழந்தைவேல் வந்து தோளைத் தட்டினான்.

"அண்ணா, செத்த எந்திரிங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க உக்காரோணும்."

சுப்பையன் எழுந்தார். எழுந்தவர் கை நனைக்காமலே வீட்டுக்கு நடந்தார். அன்றோடு நின்றது பேச்சு. எதிரில் குழந்தைவேல் வந்தால் இவர் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்.

இப்போது குடலிறக்கம் என்று சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வந்து படுத்தால், வார்டில் வெள்ளைக் கோட்டோடு நிற்பது அதே குழந்தைவேலின் இளைய மகள் தனப்பிரியா. டாக்டருக்குப் படித்து முடித்து, ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

"வலி எப்படி இருக்குதுங்க பெரியப்பா?"

"நான் யாருக்கும் பெரியப்பன் இல்ல. பேஷண்டு. அப்படியே கூப்புடு."

"சரிங்க, பேஷண்டுப் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவள் நாடி பிடித்தாள்.

அதுகூடப் பரவாயில்லை. தினமும் சாயங்காலம் வந்து அவர் கட்டில் கம்பியில் கறுப்பு நூலைக் கட்டினாள். முடிச்சு மேல் முடிச்சு. விரல் ஓடுகிற வேகத்துக்கு உதடும் முணுமுணுத்தது.

"பாத்தியா?" என்று மனைவி சென்னியம்மாளிடம் கிசுகிசுத்தார். "மந்திரம் சொல்லிக் கட்டறா. அப்பன் ஏவி உட்டிருக்கறான்."

"படிச்ச புள்ளைங்க அது."

"படிச்சவ செய்வினை வெச்சா இன்னும் வெவரமா வெப்பா."

அவள் அந்தப் பக்கம் போனதும் தலையணைக்கு அடியிலிருந்து நகவெட்டியை எடுப்பார். நூலை நறுக்கி, மூன்று தடவை துப்பி, குப்பையில் போடுவார். மறுநாள் அவள் கட்டுவாள். இவர் வெட்டுவார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பெரிய டாக்டர் அன்பழகன் வார்டைச் சுற்றி வந்தார். கட்டில் கம்பியைக் குனிந்து பார்த்தார்.

"முடிச்சு எங்கம்மா? தினம் நூறு முடிச்சு கட்டி வைக்கச் சொன்னேன். நான் வந்து பாக்கறப்ப ஒண்ணுகூட இல்ல."

தனப்பிரியா சுப்பையனைப் பார்த்தாள். சுப்பையன் ஜன்னலைப் பார்த்தார்.

"கட்டலைங்க சார்."

"எண்ணி எண்ணிக் கட்டினாத்தான் விரல் பழகும். உள்ள ரத்தக்குழாயக் கட்டறப்ப முடிச்சு நழுவினா ஆள் போயிடுவார். நாளைக்கு இவரோட ஆபரேஷனை உன் கையால பண்ண வைக்கலாம்னு இருந்தேன். உனக்கு அதுதான் முதல் கேஸ். இப்ப வேண்டாம். நீ வார்டுலயே இரு."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்தப் பெண் அங்கேயே நின்றாள்.

சுப்பையனுக்கு என்னவோ போலானது.

"ஏம்புள்ள, வெட்டுனது நானுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. நகவெட்டி தலகாணிக்கு அடியில இருக்குது."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா, வேற கட்டில்ல போயிக் கட்டுன்னுருவாரு. சும்மா உங்களப் பாக்க வந்தா நீங்க வெரட்டுவீங்க. கையில நூல் இருந்தா செத்த நேரம் நிக்கலாமுங்களே. அப்பா தினமும் போன்ல, 'அண்ணன் சாப்புட்டுதா, வலி கொறஞ்சுதா'ன்னு கேக்கறாரு. எதாச்சும் சொல்லோணுமல்லங்க?"

சென்னியம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். "உங்க செய்வினை பேசுதுங்க. கேட்டுக்குங்க."

சுப்பையன் எழுந்து உட்கார்ந்து குரல் கொடுத்தார்.

"டாக்டரய்யா, செத்த இங்க வாங்க. இந்தப் புள்ள தினமும் கட்டுச்சு. நாந்தான் வெட்டிப் போட்டேன்."

"எதுக்குங்க வெட்டினீங்க?"

"அது பங்காளி வெவகாரமுங்க. உங்களுக்குப் புரியாது. நாளைக்கு இந்தப் புள்ளயே எனக்குப் பண்ணட்டும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும். இல்லீன்னா நான் இப்பவே ஊருக்கு பஸ் ஏறறேன்."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப சாயங்காலம் நூறு முடிச்சு கட்டிக் காட்டச் சொல்லுங்க."

சாயங்காலம் அவள் கட்டினாள். சுப்பையனே வாய்விட்டு எண்ணினார். நடுவில் இரண்டு முடிச்சு சரியில்லை என்று அவிழ்க்கவும் சொன்னார்.

தனப்பிரியாவின் கையாலேயே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் வார்டு வாசலில் ஒருவன் பழப்பையோடு தயங்கித் தயங்கி நின்றான். குழந்தைவேல்.

சுப்பையன் கண்ணை மூடிக்கொண்டார். சென்னியம்மாள்தான், "வாங்க கொழுந்தனாரே" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஸ்டூலைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்துத் தனப்பிரியா தையலைப் பார்க்க வந்தாள். விடிந்ததிலிருந்து நின்ற கால். முகம் வாடிக் கிடந்தது.

சுப்பையன் கண்ணைத் திறந்தார். கையை நீட்டிக் குழந்தைவேலின் தோளைத் தட்டினார்.

"செத்த எந்திரி. டாக்டரம்மா உக்காரோணும்."

குழந்தைவேல் எழுந்தான். எழுந்தவன் எங்கேயும் போகவில்லை. மகளை உட்கார வைத்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"அண்ணா, இப்ப சரியாப் போச்சுங்களா?"

சுப்பையன் பழப்பையை எட்டிப் பார்த்தார்.

"எழுப்புனதுக்கு எழுப்பியாச்சு. இலையில வெச்ச ஜாங்கிரி இன்னும் பாக்கி இருக்குது."